இருநூற்று நாற்பது டிகிரி

"ஏங்க, புகை வருதுங்க!"

"வரட்டும். இன்னும் அறுவது டிகிரி ஏறணும்."

தெய்வநாயகம் கரண்டியை விடவில்லை. வாணலியில் பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் தார் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தன. மருந்துக்கடை இராமதாஸிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த தெர்மாமீட்டர் நூற்றெண்பது காட்டியது. இங்கிலீஷ் பத்திரிகையின் சமையல் குறிப்பிலோ இருநூற்று நாற்பது என்று போட்டிருந்தது. அச்சில் வந்ததை மீற எந்தக் குமாஸ்தாவுக்குத் துணிச்சல் வரும்?

எல்லாம் மாஹேயால் வந்த வினை. மலையாளக் கரையிலிருக்கும் மாஹேவுக்கு யாரையோ மாற்றச் சொல்லி ஆபீசுக்கு உத்தரவு ஒன்று வந்திருப்பதாகத் திங்கட்கிழமை காதில் விழுந்தது. யாருக்கு என்று கேட்கப் பயந்து, தனக்கேதான் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். முத்தியால்பேட்டையில் சொந்த வீடு, கிணற்றில் நல்ல தண்ணீர், சாயங்காலமானால் கடற்காற்று என்று நிம்மதியாக இருந்தவர். பிரெஞ்சுக்காரன் போனபிறகு ஐம்பது வயதில் முட்டி மோதி இங்கிலீஷ் படித்தாயிற்று. இனி மலையாளம் வேறா?

மதராசிலிருந்து வந்த பெரிய அதிகாரியின் மனைவி ஊட்டி கான்வென்டில் படித்தவர். அங்கே தின்ற ஃபட்ஜ் என்ற மிட்டாய்க்கு அந்த அம்மாள் ஏங்குவதாகப் பியூன் பக்கிரி சொல்லியிருந்தான். அதைச் செய்து கொடுத்து மாற்றலை ரத்து செய்யவைப்பதுதான் திட்டம்.

"கருகுதுங்க! கொஞ்சம் பாலையாவது ஊத்துங்க!" என்று கத்தினாள் மனைவி அன்னக்கிளி.

ஊற்றினார். வாணலி சீறிப் பொங்கி அடுப்பை அணைத்தது. மிச்சம் கல்லாக இறுகி, கரண்டியையும் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

வாணலியும் பத்திரிகையுமாக மருந்துக்கடைக்கு ஓடினார். இராமதாஸ் பத்திரிகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ முசியே! இது இங்கிலீஷ்காரன் டிகிரி. நம்ம பிரெஞ்சு தெர்மாமீட்டர்ல இது நூத்திப் பதினாறுதான்!"

"சூட்டுல கூடவா ரெண்டு சர்க்காரு?" என்று நொந்துபோனார் தெய்வநாயகம்.

வீடு திரும்பினால், அன்னக்கிளி வேறு வாணலி ஏற்றியிருந்தாள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"அதிரசப் பாகு பதம்தாங்க. இதுக்குப் போயி கண்ணாடிக் குச்சியா?"

இறக்கி ஆறவிட்டு, கெட்டியாகும்வரை கை வலிக்க மாற்றி மாற்றிக் கிளறினார்கள். தட்டில் கொட்டி வில்லை போட்டார்கள். ஒன்றை வாயில் போட்ட தெய்வநாயகத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அடியே, நீ தெய்வம்டி!"

மறுநாள் காலையில் டப்பா பக்கிரியோடு போனது. சாயங்காலம் அவன் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

"சார்! நாலு வில்லை தின்னுட்டு அம்மா அழுதே புட்டாங்க. உடனே உங்களுக்கு ஆர்டர் போடச் சொன்னாங்க, ஐயாவும் கையெழுத்துப் போட்டுட்டாரு!"

"அப்ப மாஹே ரத்தாயிடுச்சா?"

"மாஹே உத்தரவு வந்ததே பெரிய ஐயாவுக்குத்தானே சார்! அங்க போனா இந்த மிட்டாய்க்கு எங்க போறதுன்னு அம்மா பிடிவாதம் பிடிச்சு, உங்களையும் குடும்பத்தோட அங்கயே மாத்த வெச்சுட்டாங்க!"