யாரால் என்று எழுதவும்

பஸ் கிளம்பிப் போன பிறகுதான் இனியவனுக்கு உறைத்தது, இங்கிலீஷ் நோட்டு உள்ளேயே போய்விட்டது என்று.

இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வடக்குப்பட்டிலிருந்து அவனை ஏற்றிவந்து ஒரகடத்தில் கம்பெனி வாசலில் இறக்கிவிடும் அதே பஸ், காலை ஷிஃப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு பென்னலூர் பக்கம் போகும். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் இவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் ஷாரோன் வந்து உட்கார்ந்துவிடுவாள். பெயர்கூட அவள் கழுத்து அட்டையில் பார்த்ததுதான். கேட் வரிசையில் நின்றபடி அவளைப் பார்க்க நாற்பது செகண்டு கிடைக்கும். மீதி நாள் முழுவதும் அந்த நாற்பது செகண்டை நினைத்து ஏங்குவதற்கே சரியாக இருந்தது. சேர்ந்து ஒன்பது மாதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நோட்டு, டீம் லீடர் தேர்வுக்கானது. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றவேண்டும், அதுவும் எல்லாக் காலங்களிலும். "செஞ்ச வேலைய முன்னால கொண்டாங்க, செஞ்சவன பின்னால தள்ளுங்க. வேணாம்னா அவன விட்டுடலாம்" என்று டிரெயினர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வசதி இனியவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. கம்பெனியே அப்படித்தானே ஓடுகிறது! போன மாதம் இவன் ஒரு ட்ரே நிறைய பாகங்களைக் கீழே போட்டு உடைத்தபோது, சூப்பர்வைசர் தசரதன் எழுதிய ரிப்போர்ட்டில் ட்ரே கீழே போடப்பட்டது, பாகங்கள் சேதப்படுத்தப்பட்டன. யார் என்ற பேச்சே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டின் வலைப்பையைத் துழாவினான். நோட்டு இருந்தது. திறந்தால், பக்கம் முழுவதும் பச்சை மை.

"தி இட்லி ஈஸ் ஈட் பை ஐ" என்று இவன் எழுதியதை அடித்து, "தி இட்லி ஈஸ் ஈட்டன் பை மீ" என்று திருத்தியிருந்தது. கீழே ஒரு குறிப்பு: இட்லி மட்டும்தானா? மனதில் இருப்பதையும் எழுதவும்.

இனியவனுக்குக் காது சூடாகிவிட்டது. எழுத்து சற்று முரடாகத்தான் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் எழுதினால் யார் எழுத்தும் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டிரைவர் வனமாமலை ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்து ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நாங்குநேரிக்காரர்.

"அண்ணே, எனுக்கு அடுத்து இந்த சீட்ல யாருண்ணே உக்கார்றாங்க?"

"வண்டி ஓட்டுறவன் ரோட்டப் பாப்பானா, சீட்டப் பாப்பானா? போய் உக்காருங்க தம்பி" என்று போனைச் சட்டென்று கவிழ்த்தார்.

அன்று இனியவன் எழுதினான், "நான் உன்னைத் தினமும் நாற்பது செகண்டு பார்க்கிறேன்" என்று. எல்லாம் இங்கிலீஷில்தான். நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன். அடுத்த வரியில் மாற்றினான்: "நீ தினமும் நாற்பது செகண்டு பார்க்கப்படுகிறாய்." அதோடு நிறுத்திக்கொண்டான். மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா?

பச்சை மை விடவில்லை. யாரால் என்று எழுதவும். இல்லையென்றால் மார்க் கிடையாது.

"என்னால்" என்ற ஒரு சொல்லைச் சேர்க்க இனியவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. சேர்த்துவிட்டு நோட்டை வலைப்பையில் வைத்தான். பதில் வந்தது: "பதினோரு மாதமாக நான் உன்னால் பார்க்கப்படவே இல்லை."

ஒன்பது மாதம்தானே ஆகிறது? ஏக்கத்தில் இருப்பவளுக்குக் கணக்குத் தப்பத்தான் செய்யும் என்று அவனாகவே கணக்கை நேர் செய்துகொண்டான். அடுத்து வந்ததுதான் குழப்பியது: "அன்று உன்னால் எறியப்பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை."

அந்த ட்ரே! விஷயம் காலை ஷிஃப்ட் வரைக்கும் போயிருக்கிறது. தப்பு செய்துவிட்டு மறைப்பவனை எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? இனியவன் நேராகத் தசரதனிடம் போனான்.

"சார், போன மாசம் அந்த ட்ரேவப் போட்டது நான்தான் சார்."

தசரதன் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், யாருன்னே தெரியாம அழகா மூடி வச்ச மேட்டர்யா அது! இப்ப உன் பேர எழுதணும், மெமோ குடுக்கணும். மெமோ வாங்குனா ஆறு மாசத்துக்கு டீம் லீடர் டெஸ்ட் கெடையாது. இன்னாத்துக்குயா வந்து சொல்ற?"

"மனசு கேக்கல சார்."

"உன் மனசு கேக்கலன்னா நான் மெமோ டைப் அடிக்கணுமா?"

தேர்வு போயிற்று. போகட்டும். "தவறு என்னால் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது" என்று எழுதினான். மறுநாள் பச்சை மை குழைந்து கிடந்தது: "இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் என் அம்மா ஒருமுறைகூட உன்னால் விசாரிக்கப்படவில்லை."

விசாரித்துவிட்டால் போயிற்று. "உன் அம்மா என்னால் நலம் விசாரிக்கப்படுகிறாள்" என்று நோட்டில் எழுதி வைத்தான், நேரிலும் கேட்டுவிடத் துணிந்தான். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவன் கேட் வரிசைக்குப் போகாமல் படியருகிலேயே நின்றான். ஷாரோன் வந்தாள். இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்ததில்லை.

"அம்மா நல்லாகீறாங்களா?"

ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். "எந்த அம்மா?"

"உங்கம்மாதான்."

"எங்கம்மாவ உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அதற்குள் அவள் தோழி அன்னக்கிளி இடையில் புகுந்தாள். "தே, இன்னா வோணும் உனுக்கு? அவ அம்மா எப்டி இருந்தா உனுக்கின்னா? கம்ப்ளெயிண்ட் குடுக்கணுமா?"

"இல்லக்கா, சும்மா ஒரு இதுக்கு..."

"எதுக்கு?"

எதுக்கு என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னால் எழுதியிருப்பான். வாயில் வரவில்லை.

மறுநாள் முதல் ஷாரோன் கடைசி வரிசையில், அன்னக்கிளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது செகண்டும் போயிற்று. காலியான அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டில் நின்றபோது இனியவனுக்கு அழுகை முட்டியது. ஆச்சரியம் என்னவென்றால், நோட்டில் பச்சை மை மட்டும் நிற்கவே இல்லை. "அம்மா விசாரிக்கப்பட்டாள் என்று சொன்னேன். அம்மா சிரித்தாள்" என்று வந்தது.

ஊர் வாய்க்குப் பயந்து சீட்டை மாற்றினாளே தவிர மனதை மாற்றவில்லை! இனியவன் இதை நினைத்து நினைத்து இரண்டு வேளை சாப்பிட மறந்தான். கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினான்: "நான் காத்திருக்கிறேன்." அதைப் பாஸிவில் எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. அப்படியே வைத்துவிட்டான்.

"இதற்குப் பாஸிவ் கிடையாது" என்றது பச்சை மை. "காத்திருப்பதை நீயேதான் செய்தாக வேண்டும். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிறு காலை ஆறரை. செங்கல்பட்டு ஸ்டேஷன். வருகிறேன்."

பென்னலூர்ப் பெண் செங்கல்பட்டுக்கு எதற்கு ரயிலில் வரவேண்டும்? அந்தக் கேள்வி அவனுக்கு எழவே இல்லை. புதுச் சட்டையை இருமுறை இஸ்திரி போட்டான். ஐந்தரைக்கே பிளாட்பாரத்தில் நின்றான்.

அங்கே இன்னொரு இஸ்திரிச் சட்டையும் நின்றது. கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். வனமாமலை.

"என்ன தம்பி, இங்க நிக்கிய?" என்றார், திருட்டு முழியோடு.

"ஒருத்தர் வராங்கண்ணே. நீங்க?"

"வீட்டுக்காரி வாரா. ஊர்ல இங்கிலீஷ் டீச்சரு. எனக்கு அதெல்லாம் எழுத்துக்கூட்டத்தான் வரும்." பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "ஒரு நாளு சண்டையில சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சிட்டேன் தம்பி. அன்னைக்கு அவ அம்மா வீட்டுக்குப் போனவதான். பதினோரு மாசமாச்சு."

இனியவன் வனமாமலையின் சட்டைப் பையைப் பார்த்தான். டிரிப் ஷீட் எழுதும் பேனா செருகியிருந்தது. மூடி பச்சை.

"அண்ணே..."

ரயில் இரைந்துகொண்டே வந்து நின்றது. ஒற்றைப் பையோடு ஒரு பெண் இறங்கி நேராக வனமாமலையின் முன்னால் வந்து நின்றாள். அவர் பூவை நீட்டினார். மறு கையால் அவளுக்குத் தெரியாமல் இனியவனைப் பார்த்துக் கும்பிடு போட்டார், சொல்லிவிடாதே என்பதுபோல. இத்தனை நாள் தான் எழுதியதெல்லாம் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, பச்சை மையில் வந்த பதில்கள் யாருடையவை என்று இனியவனுக்குத் தெரிந்தது. சரி என்பதுபோல் தலையை ஆட்டினான்.

அவள் பூவை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"ஏங்க, தெனமும் ஒரு வரி இங்கிலீஷ்ல இம்புட்டு ஆசையா டைப் பண்ணி அனுப்பத் தெரிஞ்ச மனுசனுக்கு, தமிழ்ல 'வா'ன்னு ஒரே ஒரு எழுத்து சொல்ல வரலியா?"