நாலும் மின்னிய நாள்

வாசகரே, வழக்கு ஒன்று உண்டு, சாட்சிதான் இல்லை. எங்கள் வீட்டார் அனைவரும் எதிர்த்தரப்பில் அமர்ந்துவிட்டதால் உங்களை அழைக்கிறேன். ஒரு மனிதன் விவாதத்தில் தோற்றுச் செய்யும் கேட்டைவிட, வென்று செய்யும் கேடு எத்தனை பெரியது என்பதற்கு நீங்களே சான்று.

நான் விவாத மேடையில் வளர்ந்தவன். எங்கள் பயிற்சி எளியது. நாணயத்தைச் சுண்டுவார்கள், எந்தப் பக்கம் நமக்கு விழுகிறதோ அந்தப் பக்கமே உண்மை. கிராம வாழ்வே சிறந்தது என்று முற்பகலிலும், நகர வாழ்வே சிறந்தது என்று பிற்பகலிலும் முழங்கி, இரண்டுக்கும் கேடயம் பெற்றிருக்கிறேன். (இரண்டும் அம்மாவின் ஷோகேசில் ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கின்றன.) அறிவித்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்குவது மட்டும் எங்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

போன வருடம் அக்காவுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. எங்கள் வீடு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். அவளுக்குக் கிடைத்த இடமோ மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிக்கும் அப்பால். வயல்வெளிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் வீடுகளில் கர்ப்பிணிகளைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். பஸ் பிரதான வீதியோடு திரும்பிவிடும். எனவே அப்பா தன் மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிச் சென்று, மரநிழலில் காத்திருந்து, ஏற்றி வந்தார். மழை தொடங்கி வட்டையில், அதாவது வயல்வெளியில், விதைப்பு ஆரம்பித்தால் அவரால் இயலாது. அதற்குள் அக்கா லைசன்ஸ் எடுத்தாக வேண்டும். ஓட்டிக் காட்டும் பரீட்சையான ட்ரையலுக்கு நாளும் குறித்தாயிற்று.

குறை ஒன்றே. நெல்மூட்டை உரசி உரசி, மோட்டார் சைக்கிளின் சிக்னல் விளக்குகளில் இரண்டு உடைந்திருந்தன. சந்தி மெக்கானிக்கிடம் விடுவோம் என்றாள் அக்கா. நான் எழுந்து நின்றேன். (அமர்ந்தபடி பேசும் பழக்கம் எனக்கில்லை.) தன் கையால் ஆகக்கூடியதற்குப் பிறர் கையை நாடும் சமுதாயம் உருப்படாது என்று அறிவித்தேன். அறிவித்த பிறகே, அந்தக் கைகள் இதுவரை ஒரு பல்பையும் மாற்றியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதனால் என்ன? முடிவை முதலில் முழங்கு, ஆதாரத்தைப் பின்னர் தேடு என்பதன்றோ மேடை மரபு.

ட்ரையலுக்கு முந்திய நாள் காலை, கடையில் வாங்கிய எல்ஈடி சிக்னல்கள் நான்கோடு முற்றத்தில் அமர்ந்தேன். பழைய விளக்குகளை வயரோடு வெட்டி எறிந்தேன். பின்வாங்கும் பாதையை அடைப்பது வீரர் இயல்பு. முதல் முயற்சியில் இடப்பக்கச் சுவிட்சைத் தட்டியதும் ஹோர்ன் அலறியது. அடுத்த வீட்டார் வாசலுக்கு வந்து, யாருமில்லாததைக் கண்டு, கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த முயற்சியில் விளக்குகள் எரிந்தன, ஆனால் மின்னவில்லை. விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய பிளாஷர் இந்த விளக்குகளுக்கு உதவாது என்று கைபேசியில் படித்து, ஓடிப்போய்ப் புதிது வாங்கி வந்தேன். சோறு ஆறியது. அம்மா கூப்பிட்டுச் சலித்தாள். நான் அசையவில்லை. வெயில் சாயும் வேளையில் விளக்குகள் மின்னின.

நான்கும் மின்னின. இடப்பக்கம் தட்டினாலும் நான்கு. வலப்பக்கம் தட்டினாலும் நான்கு.

காரணம் இன்று எனக்குத் தெரியும். வேகம் காட்டும் மீட்டர்ப் பெட்டிக்குள் இருக்கும் ஒற்றைச் சிறு பல்பு, இரு பக்க வயர்களுக்கும் பாலமாக நிற்கிறது. அதனூடே கசியும் சொற்ப மின்சாரம் பழைய விளக்குகளுக்குப் போதாது, எல்ஈடிக்குத் தாராளம். அன்று தெரிந்ததோ ஒன்றுதான்: நான் தோற்கவில்லை என்று நிறுவ வேண்டும்.

அக்கா சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். "தம்பி, இடப்பக்கம் போட்டா வலப்பக்கமும் மின்னுதுடா. மெக்கானிக் கடை பூட்டல்ல இன்னும். வா, கொண்டு போவம்."

அங்கேயே அரங்கு கூடியது. அப்பா சாய்மனைக் கதிரையில் நடுவர். சிக்னலின் நோக்கம் எச்சரிக்கை. இரண்டு விளக்கைவிட நான்கு விளக்கு அதிகம் எச்சரிக்கும் என்றேன். பரீட்சகர் பார்ப்பது உன் விரல் சுவிட்சைத் தட்டுகிறதா என்பதையே என்றேன். இறுதியாக, வாவியில் மீன்பிடிக்கும் தோணிகளின் விளக்கு இடம் வலம் சொல்வதுண்டா, அவை ஒன்றோடொன்று மோதியதுண்டா என்று கேட்டு, கையை உயர்த்தி நிறுத்தினேன். அம்மா கைதட்டினாள். (தொகுப்புரைக்குக் கைதட்டுவது அவளுக்குப் பழகிவிட்டது.) அப்பாவின் தலை ஆடியது. அது தூக்கத்தின் ஆட்டம் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

மோட்டார் சைக்கிள் என் கையில் சிக்கியிருந்ததால், அக்கா பகல் முழுவதும் பஸ்ஸிலும் நடையிலுமாகப் படுவான்கரையில் அலைந்து வந்தவள். "ஆ, செரி. நீ சொன்னாச் செரி" என்று உள்ளே போனாள். நான் வென்றேன்.

மறுநாள் ட்ரையல் மைதானத்தில் நீண்ட வரிசை. பரீட்சகர் சிரிப்பைச் செலவழிக்காத மனிதர். அக்கா எட்டுப் போட்டாள். ஒரு காலும் நிலத்தில் படவில்லை. பிறகு பரீட்சகர், "அந்த முடக்கில இடப்பக்கம் கிறுகுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் வீதி வளையும் முனையை முடக்கு என்போம், திரும்புவதைக் கிறுகுவது என்போம். அக்கா சுவிட்சைத் தட்டினாள். நான்கும் மின்னின. பரீட்சகர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தங்கச்சி, நீங்க எந்தப் பக்கம் போகப் போறீங்க?"

"இடப்பக்கம் சேர்."

"லைட் அப்பிடிச் சொல்லல்லியே."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் வேலியோரம் வாய்மூடி நின்றிருப்பான். நான் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடினேன். "நடுவர் அவர்களே" என்று தொடங்கினேன். (சத்தியமாக அப்படித்தான் வந்தது.) எச்சரிக்கை, விரல், தோணி என்று மூன்றையும் வரிசை பிசகாமல் எடுத்துரைத்தேன். அவர் இடைமறிக்கவில்லை. அதுவே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"முடிஞ்சா?" என்றார். "இப்ப நீங்க இவவுக்குப் பின்னுக்கு வாறீங்க. நாலு லைட்டும் மின்னுது. எந்தப் பக்கத்தால முந்துவீங்க?"

எந்த வினாவுக்கும் விடை வைத்திருப்பவன் நான். "நிண்டு பாப்பன் சேர், எந்தப் பக்கம் கிறுகிறா எண்டு."

"அப்ப லைட் என்னத்துக்கு?"

வரிசை முழுவதும் சிரித்தது. அவர் அக்காவிடம் திரும்பி, வரிசை முடிவதற்குள் வேறு பைக் கொண்டுவந்தால் மிச்சத்தைப் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் வேறொரு நாள்தான் என்றும் சொன்னார். வேறொரு நாள் என்றால் விதைப்புக்குப் பின். அக்கா என்னை ஏசவில்லை. மேற்கே, மேகம் கறுத்திருந்த திசையைப் பார்த்தாள். ஏசியிருந்தால் மறுப்புரை ஒன்று தயாராக இருந்தது. அதற்கு வழியில்லாமல் போயிற்று.

விடுவேனா? வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போனேன். உதவி என்பது மானுடத்தின் அடித்தளம் என்று தொடங்கினேன். ஒருவர் தன் பைக்கின் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடித்தளத்தை விட்டு மேலே எழும்ப எவரும் இடம் தரவில்லை.

அதற்குள் அக்கா, காத்தான்குடியிலிருந்து வந்து அப்போதுதான் ட்ரையல் முடித்திருந்த ஓர் இளைஞனிடம் நடந்துபோய், "தம்பி, என்ட சிக்னல் பிழை. உங்கட பைக்க ஒருக்காத் தாறீங்களா?" என்றாள். அவ்வளவுதான் முழு உரையும்.

அவன் சாவியை நீட்டினான். "எடுங்க அக்கா. கிளச் மட்டும் கொஞ்சம் இறுக்கம்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "மச்சான், அந்தத் தோணிக் கதைய மறுகா ஒருக்காச் சொல்லுங்களன்" என்றான்.

பழக்கமில்லாத பைக்கில் அக்கா முடக்கை நெருங்கினாள். சிக்னல் போட்டாள், விளக்கின் மீது நம்பிக்கை போய்விட்டதால் கையையும் நீட்டினாள். பரீட்சகர் சிரித்துவிட்டுப் பாஸ் என்று எழுதினார்.

திரும்பும்போது அவளே ஓட்டினாள். நான் பின்னால். அவள் சிக்னலைத் தொடவில்லை. "நீ கையக் காட்டு" என்றாள். மைதானத்திலிருந்து வீடுவரை ஒவ்வொரு முடக்கிலும் கேடயங்கள் வாங்கிய என் கைகள் இடமும் வலமும் நீண்டன. என்னிடம் விவாதம் பயிலும் மாணவி ஒருத்தி, தனக்குத்தான் கையசைக்கிறேன் என்று எண்ணித் திருப்பி அசைத்தாள்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் யாரேனும் நழுவலாகப் பதில் சொன்னால், "நாலும் மின்னுது" என்பாள் அம்மா. புட்டா இடியப்பமா என்று கேட்டு, இரண்டும் நல்லதுதான் என்று நான் சொன்னாலும் அதே தீர்ப்பு.

அன்று நாங்கள் வந்து சேர்ந்தபோது அப்பா முற்றத்தில் விதைநெல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சாவியைக் கையில் பொத்திக்கொண்டு, "இறங்கு. இனி இப்பிடிச் செய்யமாட்டன் எண்டு அப்பா முன்னால சொல்லு. மேடையில சொல்றாப்போல சத்தமாச் சொல்லு" என்றாள்.

நின்றேன். தொண்டையைச் செருமினேன். முன்னுரை வரவில்லை.

"இந்த வீட்டில நான் பேசி வெல்லுற எதையும், முதல்ல நானே ஓட்டிப் பாத்துப்போட்டுத்தான் மத்தாக்களுக்குக் குடுப்பன்."