ஐந்தாம் மாடி அறிக்கை

"நீங்க இங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று பதினோராவது ஆளிடம் ஆலோசகர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. பேசியவர் மெத்தைக் கம்பெனி முதலாளி. திங்கட்கிழமையே ஆள் வருவார் என்றார்களே, இன்றைக்குப் புதன்கிழமை ஆகிவிட்டது, ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

ஆலோசகர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூன்று நாளாக அவர் மெத்தைக் கம்பெனியில்தான் உட்கார்ந்திருந்தார். அதாவது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆபீஸ் அஞ்சாவது மாடிதானே சார்?" என்று குரலில் தேன் தடவிக் கேட்டார்.

"ஆறாவது மாடி. லிஃப்டை விட்டு இறங்கினா எதிர்லயே ஆளுயர மெத்தை நிக்கும். அதுல இடிச்சுக்காம யாரும் உள்ள வந்ததில்லை."

ஆலோசகர் மனதுக்குள் நாள் கணக்குப் போட்டார். வரும் திங்கட்கிழமையோடு அவருடைய ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. இது இரண்டு வருடத்தில் அவர் சேர்ந்த மூன்றாவது வேலை. இதுவும் போனால் தன் அண்ணனுடைய குழாய்க் கடையில் போய் உட்கார வேண்டியதுதான் என்று மனைவி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். மச்சானோ அதற்காகவே கடையில் ஒரு முக்காலி வாங்கிப் போட்டுவிட்டு, வாரம் தவறாமல் அதைத் துடைத்து வைக்கிறார்.

தப்பு அவருடையது மட்டும் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். அவருடைய ஆலோசனை நிறுவனம் அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. மாதம் இருபது பேரைச் சேர்ப்பார்கள். அவர்களுக்கு நாற்காலி வந்து இறங்குவதற்குள் இன்னும் இருபது பேர் வந்து நிற்பார்கள். ஊரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் போய், யாரை எங்கே உட்காரவைக்க வேண்டும் என்று பாடம் நடத்துவதுதான் அவர்கள் தொழில்.

அங்கே முதல் நாள் சொல்லித்தரும் பாடம் ஒன்றே ஒன்று. 'தெரியாது' என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. 'இது என்ன, ஏன்' என்று யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது. ஆலோசகன் கேள்வி கேட்டால் மற்றவர்களுக்குப் பதில் தெரியவில்லை என்று நிரூபிக்கத்தான் கேட்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை மேலாளரிடமிருந்து இரண்டு வரித் தகவல் வந்தது. மெத்தைக் கம்பெனி வேலை உங்களுடையது என்றது முதல் வரி. திங்கட்கிழமை ஒன்பது மணி, ஐந்தாம் மாடி என்று ஒரு கட்டடத்தின் விலாசத்தைச் சொன்னது அடுத்த வரி. ஆலோசகர் விளக்கம் கேட்கவில்லை.

ஐந்தாம் மாடியில் வாசலில் பெயர்ப் பலகை இன்னும் மாட்டியிருக்கவில்லை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நாற்பது பேர் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, கட்டத்திலிருந்து அம்புக்குறி இழுத்து, அம்புக்குறியை இன்னொரு கட்டத்தில் முட்டவிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்துக்குக்கூட ஒரு மெத்தை இல்லை. நிர்வாகம் இங்கே, தொழிற்சாலை வேறெங்கோ என்று ஆலோசகர் முடிவு கட்டிக்கொண்டார். அவர் யாரென்றும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நல்ல காற்று. அது யாருடையது என்று பக்கத்து மேஜைப் பெண்ணிடம் விசாரித்தார்.

"புதுசா ஒருத்தருக்குப் போட்டது சார். ஆள் இன்னும் வரலை."

"வரலைன்னா, யாரும் கேக்க மாட்டாங்களா?"

அந்தப் பெண் அப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல அவரைப் பார்த்தாள். ஆலோசகர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, முதல் குறிப்பாக அதையே எழுதிக்கொண்டார். தலைவர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் எப்போதும் மீட்டிங்கில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து, வெள்ளிக்கிழமை அறிக்கை தருகிறேன் என்று ஆலோசகர் சொன்னதற்கு, உள்ளிருந்தே கட்டைவிரலை உயர்த்தினார்.

இப்போது போனில் மெத்தை முதலாளி பதிலுக்குக் காத்திருந்தார். ஆலோசகர் தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"முதல் மூணு நாள் நாங்க உள்ளயே வர மாட்டோம் சார். வந்தா உங்க ஆளுங்க எங்களுக்காக வேலை செய்யற மாதிரி நடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. வெளியிலேர்ந்தே கவனிக்கறதுதான் எங்க முறை."

முதலாளி அசந்துபோனார். அசந்தவர் சும்மா இருந்திருக்கலாம். நேரே மேலாளரைக் கூப்பிட்டு, இப்படி ஒரு முறையைக் கண்டுபிடித்தவருக்குக் கோயிலே கட்டலாம் என்று உருகிவிட்டார். அப்படி ஒரு முறையை மேலாளர் சொப்பனத்தில்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பாடம் பாடம்தானே. அது தங்கள் நிறுவனத்தின் ஆதிகாலத்து முறை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மாலையே ஆலோசகரைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த இருபது பேருக்கும் சொல்லித்தர, அந்த முறையை ஐம்பது பக்கத்தில் எழுதித்தரச் சொன்னார்.

மறுநாள் முதல் ஆலோசகர் பம்பரமாகச் சுழன்றார். காலையில் அதே கட்டடத்தின் ஆறாம் மாடியில் மெத்தையில் இடித்துக்கொண்டார். மதியம் ஐந்தாம் மாடியில் பேட்டி எடுத்தார். ஐந்தாம் மாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாம்தான். ஆனால் ஒப்புக்கொண்ட அறிக்கை வரவில்லையென்று அந்தத் தலைவர் எங்காவது புகார் செய்தால் குட்டு உடைந்துவிடும். சரி, இது எந்தக் கம்பெனி என்றாவது கேட்கலாமென்றால், பதினொரு பேரைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர் பன்னிரண்டாவது ஆளிடம் எந்த முகத்தோடு அதைக் கேட்பார்?

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் தயார். இல்லாத முறைக்கு ஐம்பது பக்கத்தில் அத்தியாயம் பிரித்தாயிற்று. மெத்தைக் கம்பெனிக்குப் பழைய பிஸ்கட் கம்பெனி அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றினார். மெத்தைகள் நமுத்துப்போகாமல் இருக்கக் காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டும் என்ற வரி அவர் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் மாடி அறிக்கையில் மட்டும் அவர் உண்மையை எழுதினார். அதற்குக் கட்டணமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை, எழுதினால் என்ன? 'இந்த நாற்பது பேர் என்ன செய்கிறார்கள் என்பது இந்த நாற்பது பேருக்கும் தெரியாது. இந்த மாடியை மூடினால் கதவுக்கு மட்டும்தான் தெரியும். எல்லோருக்கும் முன்னால், ஜன்னலோர நாற்காலிக்குரியவரை வீட்டுக்கு அனுப்புக. நியமனம் வாங்கிக்கொண்டு ஒரு நாள்கூட முகம் காட்டாத இப்படிப்பட்ட ஜென்மங்களால்தான் நிறுவனங்கள் உருப்படுவதில்லை.' எழுதி முடித்தபோது அவருக்கே புல்லரித்தது.

அனுப்பும்போதுதான் இரண்டும் இடம் மாறிவிட்டன. மேலாளருக்குப் போக வேண்டிய மெத்தை அறிக்கை ஐந்தாம் மாடித் தலைவருக்குப் போனது. ஐந்தாம் மாடி அறிக்கை மேலாளருக்குப் போனது. தலைவரிடமிருந்து ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: 'டின் யோசனை மிக ஆழமானது. நன்றி.'

மேலாளர் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"அஞ்சாவது மாடியைப் பத்தி எழுதச் சொல்லி உங்ககிட்ட யாரு சொன்னது?"

ஆலோசகரின் கண் முன்னால் முக்காலி வந்து நின்றது. தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். பாடம் தடுத்தது.

"யாரும் சொல்லலை சார். நானாத்தான் எழுதினேன். கண்ணால பார்த்துட்டு எழுதாம இருக்க மனசு வரலை."

மேலாளரோ, இதைத்தான் நாங்கள் எல்லோரும் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தோம், உங்கள் துணிச்சல் எங்களுக்கு இல்லை, மேலிடத்துக்கு இப்போதே அனுப்புகிறேன் என்று தழுதழுத்தார். ஐந்தாம் மாடியும் நம் வாடிக்கையாளர்தான் போலிருக்கிறது என்று ஆலோசகர் சமாதானமானார். வழக்கம்போல விளக்கம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தகவல் வந்தது. அறிக்கையை வரிக்கு வரி ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையிலிருந்தே அமல். ஆலோசகருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவி உடனே அண்ணனை போனில் கூப்பிட்டு, முக்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருக்கட்டும் என்றார் மச்சான்.

திங்கட்கிழமை புதுச் சட்டையும் நெற்றியில் வெற்றியுமாக ஆலோசகர் தலைமை அலுவலக வாசலில் வந்து நின்றார். காவலாளி எழுந்து மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு கதவை மறித்து நின்றார்.

தான் யார் தெரியுமா, இன்றைக்குத் தனக்கு உள்ளே பாராட்டு காத்திருக்கிறது தெரியுமா என்று ஆலோசகர் குரலை உயர்த்தினார்.

"தெரியும் சார், உங்க பேருதான் பட்டியல்ல முதல்ல இருக்கு," என்றார் காவலாளி. "அஞ்சாவது மாடி நம்ம புதுக் கிளைதானே, போன திங்கட்கிழமையிலேர்ந்தே உங்களை அங்கதான் மாத்தியிருந்தாங்க, ஜன்னலோர நாற்காலியாம், ஒரு நாள்கூட நீங்க வந்து உட்காரலைன்னு யாரோ வேலை மெனக்கெட்டு எழுதிக் குடுத்திருக்காங்க."