விட்டுவிட்டு அணையும் விளக்கும் விடாத மனிதரும்

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தார் வண்டியில் கோளாறு என்றால் பட்டறையில் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு காபி குடிப்பார்கள். நிம்மதியாக இருப்பவர்களைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? ஆகவே அவர்களை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகத்தைப் பற்றி. 'நீ சும்மா இரு, நானே கண்டுபிடிக்கிறேன்' ரகம்.

இவர்களை அடையாளம் காண்பது ஒன்றும் கஷ்டமில்லை. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் சீரியல் பல்பு வரிசையில் எந்த பல்பு போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சில் 'லூஸ் கான்டாக்ட்' என்ற சொல் எங்கேயாவது வந்துவிட்டால் போதும், மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

என் எதிர்வீட்டில் இந்த ரகத்தில் ஒன்று இருக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எப்போதும் கையில், வயரில் மின்சாரம் ஓடுகிறதா என்று அளந்து பார்க்கும் ஒரு மல்டிமீட்டர் இருப்பதால் தெரு முழுவதும் அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். அவர் மனைவிக்கும் இது தெரியும். கோபம் வந்தால் அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மீட்டரிடம் ஒரு கார் இருக்கிறது. அதன் நிறம் என்ன என்பதில் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் ஓடும். அதில் ஒரே ஒரு கோளாறு. சாயங்காலத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகும்போது சில நாள் பின்பக்கச் சிவப்பு விளக்கும் டாஷ்போர்டு விளக்கும் ஒன்றாக அணைந்துவிடும். பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கும். புதிது போட்டால் மூன்று வாரம் மணியாக எரியும். பிறகு ஒருநாள் பட்டென்று போகும். ஏன் போகிறது? எப்போது போகிறது? அது மட்டும் யாருக்கும் தெரியாது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரேயடியாகக் கெட்டுப்போகிற வண்டியில் மீட்டருக்குச் சுவாரசியம் கிடையாது. பேட்டரி செத்தால் கடைக்குப் போய் வேறு வாங்கிவருவார், இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் முகத்தோடு. ஆனால் இப்படி வந்து வந்து போகிற கோளாறு இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசும்போது மனிதரின் கண்களைப் பார்க்கவேண்டும்! பட்டறைக்குக் கொண்டுபோனால் அது வராது. பட்டறைக்காரர் அரைநாள் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணுமே இல்லையே சார்" என்பார். இன்னொருவராக இருந்தால் எரிச்சல்படுவார். மீட்டருக்கோ உள்ளே குளிர்ந்துபோகும். "அவருக்கே பிடிபடலன்னா பாத்துக்கோ!" என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார், தன் பிள்ளையின் சாமர்த்தியத்தைச் சொல்வதைப் போல.

பிறகு ஞாயிற்றுக்கிழமை வரும். காலையிலேயே பானெட் திறக்கும். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிரைவர் சீட்டில் உட்காரவேண்டும். மீட்டர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரியும்.

"பிரேக்கை மிதி."

"மிதிச்சாச்சு."

"விடு."

"விட்டாச்சு."

"பின்னாடி எரியுதா?"

"என்னங்க, நான் முன்னாடில்ல உக்காந்திருக்கேன்? பின்னாடி எரியறது எனக்கெப்படித் தெரியும்?"

"சரி, கத்தாத. மறுபடி மிதி."

இந்த ரகத்தாருக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரு கொள்கை வேண்டும். முதலில் மழை என்றார். மழையே இல்லாத நாளில் விளக்கு போனது. பிறகு வெயில் என்றார். கொஞ்ச நாள் பெட்ரோல் பாதிக்குக் கீழே போனால்தான் இப்படி என்றார். அதற்குப் பெட்ரோல் போடுகிறவர் முதற்கொண்டு சிரித்தார். கடைசியில் 'இடது பக்கம் திரும்பும்போது மட்டும்' என்ற கொள்கை பிறந்தது. அதோடு மனிதர் இடது பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார். பல்வலியில் துடித்த மனைவியை, இரண்டே தெரு தள்ளி இடது பக்கம் இருக்கிற பல் மருத்துவரிடம், வலது வலதாகவே திரும்பி ஊரைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் பல்வலியை மறந்திருந்தார். வாயைத் திறந்து அவரைத் திட்டுமளவுக்குத் தெம்பு வந்திருந்தது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு சாயங்காலம் மீட்டரும் மனைவியும் மனைவியின் தம்பியும் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். தம்பி நல்ல ஆகிருதி. எடை மெஷினில் ஏறினால் முள் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்கும். அன்று பார்த்து விளக்கு போய்விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் இருட்டில் வண்டி இருப்பதே தெரியாமல் மேலே ஏறப் பார்த்து, கடைசி நொடியில் பிரேக் அடித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எழுதமுடியாத சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமைதான் கெடு. அதுக்குள்ள கண்டுபிடிச்சா வண்டி உங்களோடது. நான் வாயே திறக்கல. இல்லன்னா வித்துடணும்."

"எனக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்காரு அக்கா," என்றார் தம்பி.

மீட்டருக்குச் சுர்ரென்று வந்தது. "உன் தம்பி ஏறினாலே இந்த வண்டிக்கு ஆகமாட்டேங்குது!" என்று கத்திவிட்டார். சொல்லலாமா இதை? அடுப்பில் பாத்திரங்கள் பேசின, மனைவி பேசவில்லை. மறுநாள் மச்சானுக்குப் போன் போட்டு, "ஏதோ டென்ஷன்ல சொல்லிட்டேன் மாப்ளே, மனசுல வச்சுக்காத" என்று அசடு வழிந்து மன்னிப்புக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்து மீட்டர் டாஷ்போர்டைக் கழற்றி, வயர்களையெல்லாம் குடல் மாதிரி வெளியே இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாம் சுத்தம். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது எனக்கே. கடைசியாக ஒரு வேலை செய்தார். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை வயர் வைத்து மாட்டித் தொங்கவிட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது மங்கலாக எரியும். எங்கேயாவது ஷார்ட் ஆனால் பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். நல்ல யோசனைதான். வண்டியை ஆட்டினார், உதைத்தார், கதவுகளை அறைந்தார், இடது பக்கம்கூடத் திரும்பிப் பார்த்தார். பல்பு மங்கலாகவே எரிந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு மச்சான் புரோக்கரோடு வந்து இறங்கினார். புரோக்கர் தீக்குச்சி மாதிரி மனிதர். முன் சீட்டில் ஏறிக்கொண்டு, தொங்குகிற பல்பைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது என்ன சார்?"

"ஒண்ணுமில்ல, அழகுக்கு," என்றார் மீட்டர் செத்த குரலில். மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் வர்றேன் மாமா," என்று மச்சான் பின் கதவைத் திறந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

பல்பு பளீர்!

மீட்டர் பல்பையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, இறங்கு."

"என்ன மாமா, இன்னும் கோவமா?"

"இறங்குடான்னா!"

இறங்கினார். பல்பு மங்கியது.

"ஏறு!"

பளீர்.

"இறங்கு! ஏறு! இறங்கு! இப்ப அந்தப் பக்கமா ஏறு!"

அந்தப் பக்கம் ஏறினால் மங்கல். இந்தப் பக்கம் ஏறினால் பளீர். புரோக்கரைப் பின்னால் உட்காரவைத்துப் பார்த்தார், பல்பு அவரை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார், அப்போதும் பல்பு மங்கல்தான். மறுபடி மச்சான். பளீர்! மீட்டர் நடுத்தெருவில் நின்று குதித்தார். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. "எல்லாரும் பாருங்க! என் மச்சான்தான்! என் மச்சானேதான்!" என்று கத்தினார். மச்சானுக்கோ வியர்த்து ஊற்றியது.

"அப்போ என் உடம்புதான் காரணம்னு சொல்றீங்களா மாமா?"

"நீ காரணமில்லடா ராஜா, நீ எனக்கு தெய்வம்டா!"

பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், அங்கே இருந்தது சமாசாரம். பின் விளக்குக்குப் போகிற வயர் சீட்டுக்கு அடியில் ஓடியது. அதன் மேல்தோல் ஓரிடத்தில் கிழிந்து செம்பு தெரிந்தது. மேலே ஒரு சீட் ஸ்பிரிங். கனமான ஆள் சரியாக அந்த மூலையில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கி வயரைத் தொடும், ஃபியூஸ் போகும். மழையுமில்லை, வெயிலுமில்லை; விளக்கு போன நாளெல்லாம் மச்சான் வந்து அந்த மூலையில் உட்கார்ந்த நாள்தான். இத்தனை நாளாக மீட்டர் தனியாகவும், மனைவியை முன்னால் வைத்துக்கொண்டும் தேடியிருக்கிறார். தேடும்போது பின் சீட்டில் யாராவது உட்கார்ந்தால் வேலைக்கு இடைஞ்சல் என்று ஒருவரையும் ஏறவிட்டதில்லை. அத்தனை கொள்கைகளில் ஒன்றே ஒன்றுதான் சரி. அதற்குத்தான் போன் போட்டு மன்னிப்பும் கேட்டிருந்தார்.

வயருக்கு டேப் சுற்றினார். பல்பைக் கழற்றி ஃபியூஸ் போட்டார். மச்சான் சீட்டில் குதித்தே பார்த்தார். விளக்கு அசையாமல் எரிந்தது. மீட்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவிக்கும் சந்தோஷம்தான். "சொன்னா சொன்னதுதான். வண்டி உங்களோடது," என்றார். புரோக்கர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டர் வழக்கம்போல் பானெட்டைத் திறந்தார். பார்த்தார். மூடினார். அதற்கடுத்த வாரம் மச்சானைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டு முடித்த கனத்தோடு பின் சீட்டில் உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் அழுத்தி உக்காருடா" என்று கெஞ்சினார். விளக்கு ஜம்மென்று எரிந்தது. மனிதர் துரும்பாக இளைக்க ஆரம்பித்தார். அலுவலகத்திலிருந்து வந்தால் வாசலில் நின்று அந்த வண்டியைப் பார்ப்பார், சொன்னபடியெல்லாம் கேட்கிற பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் அப்பா மாதிரி. "உடம்புக்கு என்னங்க?" என்று மனைவி பயந்து கேட்டார். "ஒண்ணுமில்ல. வண்டி நல்லா ஓடுது," என்றார். அவ்வளவு துக்கமான குரலை நான் கேட்டதில்லை.

பிறகு அவரே புரோக்கருக்குப் போன் போட்டார். ஜன்னல் பக்கம் நின்று பேசியதால் எனக்கும் கேட்டது.

"வண்டியை எடுத்துக்கோங்க. மாத்துக்கு வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு சார். ஆனா உங்களுக்குச் சரிப்படாது. அப்பப்ப ஹார்ன் தானாவே அடிக்குது. எப்ப அடிக்கும்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல. ஊர்ல இருக்கிற பட்டறைக்காரங்க எல்லாம் பாத்துக் கையை விரிச்சுட்டாங்க."

மீட்டர் அதன் நிறத்தைக்கூடக் கேட்கவில்லை.

அந்த வண்டி நேற்று வந்தது. முதல் வண்டியைவிடப் பழசு. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், நின்ற இடத்திலேயே, தானாக ஒரு முறை நீளமாக அடித்து ஓய்ந்தது. ஓடிப்போன வேகத்தில் மீட்டர் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. விற்கச் சொல்லிக் கெடு வைத்த அந்த அம்மாள் வாசலில் நின்று, தலையில் கை வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடைசியில் சிரித்துவிட்டார்.

இப்போது உங்களை ஒன்று கேட்கவேண்டும். ஹார்ன் தானாக அடிக்கிறது என்று படித்த உடனே, 'ஸ்டியரிங்குக்குள்ள வயர் உரசுது, வேறென்ன?' என்று உங்களுக்குள் ஒரு குரல் சொன்னதா? சொல்லவில்லை என்றால் பிழைத்தீர்கள். சொல்லியிருந்தால், கையெடுத்துக் கும்பிடுகிறேன், எதிர்வீட்டுக்குப் போய் அவரிடம் அதைச் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர், இன்னும் ஒரு வருஷமாவது சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குக் கை பரபரத்தால் உங்களுக்கென்று ஒரு வண்டி வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கரின் நம்பர் தருகிறேன். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அவர் கடையே வைத்திருக்கிறார்.