முன்பு, பின்பு

“இந்த ரெண்டு தலையும் ஒரே ஆளோடதா?” என்று கேட்டார் வக்கீல்.

“ஒரே ஆள்தான் சார். என் சொந்த மைத்துனன்,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் விளம்பரக்காரர். அவர் செய்த விளம்பரங்களில் இவ்வளவு உண்மை கலந்தது இதுவே முதல் தடவை.

மேசைமேல் விளம்பரக் கண்காணிப்பு அலுவலகத்தின் கடிதம் கிடந்தது. முடி வளர்க்கும் தைலத்தின் விளம்பரத்தில் ‘முன்பு’ என்று ஒரு வழுக்கைத் தலை, ‘பின்பு’ என்று ஒரு புதர்த் தலை. இரண்டும் ஒருவருடையவைதானா, படங்களைப் போட அனுமதி உண்டா என்று ஏழு நாளில் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் விளம்பரம் நிற்கும். அது நின்றால் தைல முதலாளியும் நழுவிவிடுவார். விளம்பரக்காரருக்கு மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அவர் போனால் கடைக்குப் பூட்டு.

“படம் எப்படிக் கிடைச்சுது?”

“போன்ல, குடும்பக் குரூப்புல ரெண்டும் சேர்ந்தே வந்துச்சு சார். கீழே நீளமா என்னமோ எழுதியிருந்துச்சு. படத்துக்குக் கீழே இருக்கறதை யார் சார் படிக்கறா?”

அது அவருடைய தொழில் தத்துவம். எறும்பு எழுத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம், ஒருவனும் படிக்கமாட்டான் என்ற தெம்பிலேயே முப்பது வருடம் ஓட்டியவர். புதர்த் தலை பழசு, வழுக்கை புதுசு, தான் இடம் மாற்றிப் போட்டுவிட்டோம் என்பதை வக்கீலிடம்கூட எறும்புக் குரலில்தான் முனகினார்.

வக்கீல் காதில் விழாததுபோல் இருந்துகொண்டார். “படத்துல இருக்கறவர் சம்மதம் வேணும். எடுத்தது யாரு?”

“அவன் பெண்டாட்டி.”

“எடுத்தவங்களுக்குத்தான் படத்து மேல உரிமை. அவங்க கையெழுத்தும் வேணும்.”

வெளியூரில் இருப்பவர்களிடம் போய் யார் கெஞ்சுவது? இரண்டு சம்மதக் கடிதங்களையும் விளம்பரக்காரரே எழுதி, இரண்டு கையெழுத்தையும் தானே போட்டு அனுப்பினார்.

‘கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது எப்படி?’ என்று பதில் வந்தது.

அதைச் சமாளிக்கப் பிரமாணப் பத்திரம் ஒன்று தாக்கல் செய்தார். ஆள் ஒருவரே, இடைவெளி ஆறு மாதம், இடையில் தேய்த்தது இந்தத் தைலம் மட்டுமே, இது சத்தியம். ‘ஆறு மாதம்’ என்பது எழுதும்போது பேனாவில் வந்தது.

‘மிக்க மகிழ்ச்சி. இருவரையும் நேரில் அழைத்து வரவும்’ என்றது அலுவலகம்.

மைத்துனனுக்குப் போன் போட்டார். “மாப்ளே, நீ உடனே கிளம்பி வா. தங்கச்சியையும் கூட்டிட்டு வா.”

“மாமா, நீங்க பெட்டியோட அனுப்பின அந்தத் தைலம் இருக்கே...”

“அதெல்லாம் அப்புறம் மாப்ளே! முதல்ல வா.” முதலாளி இலவசமாகக் கொடுத்த பெட்டியை அவர் தன் தலைப்பக்கமே கொண்டுபோனதில்லை, அப்படியே மைத்துனன் வீட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

வந்தவன் தலையில் வாடகை விக்கு ஒன்றைப் பசை போட்டு ஒட்டினார். நாடகக் கம்பெனிச் சரக்கு, ராஜா வேஷத்துக்கானது. காதை மூடிக்கொண்டு தோள்வரை தொங்கியது.

“இது என்ன மாமா, கழுத்தெல்லாம் குத்துது?”

“வாயை மூடிக்கிட்டு தலையைக் காட்டு. போதும்.”

விசாரணை அறையில் தைல முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து அந்தத் தலையைப் பார்த்துப் பூரித்துப்போனார். “போட்டோவைவிட ஜாஸ்தி வளர்ந்திருக்கே!”

அதிகாரி அம்மாள் மைத்துனன் மனைவியைக் கூப்பிட்டார். “ரெண்டு படமும் நீங்க எடுத்ததா?”

“ஆமாங்க.”

“ரெண்டும் உங்க வீட்டுக்காரர்தானா?”

“அவரேதாங்க.”

“நடுவுல ஆறு மாசம்?”

“சரியா ஆறு மாசம்.”

விளம்பரக்காரருக்குப் புல்லரித்தது. சொல்லிக்கொடுக்காமலே என்னமாய்ப் புளுகுகிறாள்! இவளையல்லவா வேலைக்கு வைத்திருக்க வேண்டும்!

“இடையில இந்தத் தைலம் மட்டும்தான் தேய்ச்சாரா?”

“சத்தியமா வேற எதையும் தொடலைங்க.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். முதலாளி கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். அவள் மட்டும் உட்காரவில்லை. கணவன் தலையிலிருந்து விக்கைப் பிய்த்து மேசைமேல் வைத்துவிட்டு, விளம்பரக்காரர் பக்கம் திரும்பினாள்.

“படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தேனே அண்ணா, ‘புதர் மாதிரி இருந்த தலை, நீங்க அனுப்பின தைலத்தைத் தேய்ச்சு ஆறே மாசத்துல இப்படி ஆயிடுச்சு, இதை விக்கறவன் மேல கேஸ் போடணும்’னு, நீங்க படிக்கவே இல்லையா?”