தாய்வீட்டு வேட்டிக்கு வைக்கோல் கஞ்சி

பொன்னேரி
12-5-2009

சகல சௌபாக்கியமும் பெற்ற தம்பி தணிகாசலத்துக்கு அக்கா பூவம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு கறவை மாடு உள்பட எல்லாரும் சௌக்கியம். பள்ளிப்பட்டில் உன் சம்சாரம், பிள்ளைகள் சௌக்கியத்துக்கு எழுதவும்.

நிற்க. உன் மாமாவோட அறுபதாம் கல்யாணத்துக்குத் தாய்வீட்டு வரிசைன்னு ஒரு வேட்டி கொண்டாந்தியே, ஒன்பது வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு, நான் மறக்கலை. சபையில பிரிச்சப்ப அந்தாண்ட நின்ன சனம் இந்தாண்ட தெரிஞ்சுது. பேத்தி பூமிகா கும்மிடிப்பூண்டி கம்பெனியில ஆராய்ச்சி பண்றா இல்லியா, வைக்கோலை வேகவெச்சி, வெளுத்து, மிஷின்ல கூழா அரைக்கிறா. ஒரு மயிரை ஆயிரமாக் கிழிச்ச மாதிரி நாராம், நானோ செல்லுலோஸ்னு பேராம். காஞ்சா பிளாஸ்டிக்கு தோத்துடுமாம், மண்ணுல போட்டா மக்கிடுமாம். கம்பெனி ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சின்னு அந்தக் கூழை ஒரு டப்பாவுல ஊட்டுக்குக் கொண்டாந்து நம்ம ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டா, எங்கிட்ட சொல்லலை. நான் கஞ்சின்னு நெனைச்சி, திருவிழாவுக்கு மாமா கட்டிக்க உன் வேட்டிக்குப் போட்டுட்டேன். ஒரு ஓரத்துக்கு மட்டும் கஞ்சி எட்டலை. காஞ்சதும் வேட்டி தானா நின்னுது. நானும் அவருமா சேந்து மடக்கித்தான் இடுப்புல சுத்தினோம். ஆட்டோவுல உக்கார முடியலை, தேரடிக்கு நடந்தே போயி நடந்தே வந்தாரு, ஒரு மடிப்பு கலையலை.

பூமிகா காலி டப்பாவைப் பாத்துட்டு அழுதா பாரு. "ரெண்டு மாச வேலை ஆயா. திங்கக்கிழமை மேனேஜருக்குக் காட்டலைன்னா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க." நான் இன்னா பண்ண, மாமா இடுப்புல இருந்ததை உருவி, இதாண்டி உன் கூழுன்னு குடுத்து அனுப்பினேன். மேனேஜர் பச்சையப்பன் முதல்ல சிரிச்சாராம். மிஷின்ல ரெண்டு பக்கமும் கவ்வி இழுத்தா, கிளிப்பு வழுக்குச்சாம், வேட்டி கிழியலையாம். கண்ணாடியைக் கழட்டிட்டு, "யாரும்மா இதுக்குக் கஞ்சி போட்டது?"ன்னாராம். இன்னும் ரெண்டு வருஷம் நடக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. பூமிகா என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டா.

இதுல உன் பங்கு ஒண்ணும் இல்லை. கூழு அவளுது, கை என்னுது. சல்லடையைக் கூட எங்க வைக்கோல் நிக்க வெச்சிடும்னு தெரிஞ்சிக்கத்தான் எழுதினேன். நீ இந்தப் பக்கம் வரவேணாம். நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாம தீர்க்காயுசா இருக்கணும்.

உன் அக்கா
பூவம்மாள்

பி.கு.: கவரை ஒட்டப்போறப்ப பூமிகா வந்து சொல்றா. கஞ்சி படாத ஓரத்தையும் இழுத்துப் பாத்தாங்களாம். நூல் மெல்லிசா இருந்தாலும் முதல் தரமாம், அதனாலதான் கூழு உள்ள வரைக்கும் ஊறிச்சாம். டப்பாவுல ஒட்டியிருந்ததை வழிச்சி வேற கடை வேட்டியில தடவிப் பாத்தாங்களாம், எதுலயும் அப்படிப் புடிக்கலையாம். ஆராய்ச்சிக்கு அதே மாதிரி பத்து வேணுமாம். கடையை விசாரிச்சி வாங்கிக்கினு அடுத்த பஸ்ல நீயே வா. மேல எழுதினதை மட்டும் படிக்காம விட்டுடு.