பத்து நிமிஷப் பட்டன்

“பத்து நிமிஷம்” என்று புரோகிராமர் உண்மையைச் சொல்லித் தொலைத்ததும் டீம் லீடருக்குக் குடித்த டீ புரையேறியது.

கேள்வி சின்னதுதான். மெத்தைக் கடை முதலாளி போனில் இருந்தார். அவருடைய இணையதளத்தில் ஆர்டர் கொடுக்கும் சிவப்புப் பட்டனைப் பச்சையாக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

இதற்கு அந்தக் கம்பெனியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புரோகிராமர் இரண்டு நாள் என்பார். எதுக்கும் இருக்கட்டும் என்று டீம் லீடர் அதை நாலாக்குவார். எதுக்கும் இருக்கட்டும் என்று மேனேஜர் எட்டாக்குவார். ஏன் இப்படி என்று கேட்டால், “எல்லா கம்பெனியிலும் இப்படித்தான்” என்பார்கள். அதற்கு மேல் கேட்டவர் கிடையாது.

ஆனால் இன்று புரோகிராமருக்கு நாள் கணக்கைப் பெருக்க நேரமில்லை. நாலு மணிக்கு மகளின் பள்ளியில் நாடகம். அவளுக்கு மரம் வேஷம். போன வருஷம் அவள் பாறையாக உட்கார்ந்ததையும், அதற்கு முந்தைய வருஷம் மேகமாக நகர்ந்ததையும் மனிதர் கோட்டை விட்டிருந்தார். காலையில் அவள் வாசலை மறித்து, கிளைபோல் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தத் தடவையும் வரலேன்னா உங்ககூடப் பேச்சே கிடையாதுப்பா!”

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து, நிச்சயம் வருவதாக அவர் சத்தியம் செய்தார்.

“பத்து நிமிஷமா?” போனில் முதலாளியின் குரல் ஏறியது. “போன தடவை எழுத்தைப் பெரிசாக்க மூணு வாரம் ஆச்சே! அந்த மூணு வாரமும் என்ன பண்ணீங்க?”

மேனேஜர் மேஜைக்கு அடியில் புரோகிராமரின் காலை மிதித்தார். “அது பழைய முறை சார். இது புது முறை. ரொம்ப வேகம்!”

“அட! அப்படின்னா இன்னும் பத்து வேலை வச்சிருக்கேன். மொத்தம் பதினொண்ணு. நூத்திப் பத்து நிமிஷம். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க.”

“சார், அந்தப் பத்தும் பெரிய வேலையா இருந்தா...” என்று புரோகிராமர் இழுத்தார்.

“கணக்கு எனக்கும் தெரியும் தம்பி” என்று போனை வைத்துவிட்டார்.

டீம் லீடர் தலையில் அடித்துக்கொண்டார். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?”

“உண்மையைத்தானே சொன்னேன்?”

“உண்மையை யாருய்யா கேட்டா? எத்தனை நாள்னுதானே கேட்டாங்க!”

பட்டன் ஒன்பதே நிமிஷத்தில் பச்சையாகிவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய டெஸ்டர்தான் கையை விரித்தார். “எப்படியும் எட்டு நாள் ஆகும்னு நெனச்சு வேற வேலை எடுத்துட்டேனே!” அவரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைப்பதற்குள் மணி இரண்டு.

முதலாளி மறுபடி கூப்பிட்டார். “மிச்சம் பத்தும் எங்கே?”

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரமாவது ஆகும் சார். சத்தியமா!” என்றார் மேனேஜர்.

“காலையில பத்து நிமிஷம், இப்ப ஒரு வாரமா? எதுய்யா பொய்? நான் வேற கம்பெனியைப் பார்த்துக்கறேன்!”

மேனேஜருக்கு வியர்த்தது. சமாதானம் பேசப் பேச மூன்றானது, மூன்றரையானது. நாலு மணி அடித்தபோது புரோகிராமர் கண்ணை மூடிக்கொண்டார். மேடையில் மரம் வந்திருக்கும். ஐந்து மணிக்கு அவர் பொறுமை அறுந்தது. மேனேஜர் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

“சார், பத்தும் முடிய ஆறு மாசம் ஆகும்!”

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு.

“அப்பாடா! இப்பதான் நம்பற மாதிரி இருக்கு. பத்து நிமிஷம்னதும் பயந்தே போயிட்டேன் தம்பி. நிதானமா பண்ணுங்க.”

புரோகிராமர் தலைதெறிக்க ஓடினார். வழி நெடுக மனைவிக்குப் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. பள்ளிக்கூட அரங்கத்தில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மேடையில் அட்டை மரம் ஒன்று தனியாக நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காவலாளி தயாராக வைத்திருந்த தண்ணீர் டம்ளரோடு வந்து அவர் தோளைத் தட்டினார்.

“நாடகம் நாளைக்குத்தான் சார், எதுக்கும் இருக்கட்டும்னு உங்ககிட்ட இன்னிக்குன்னு சொல்லி வச்சிருக்காங்களாம், ஓடி வந்தா தண்ணி குடுக்கச் சொல்லி உங்க வீட்டம்மா காலையிலேயே சொல்லிட்டுப் போனாங்க!”